தேத்தண்ணி வெளியே நின்ற கூட்டம்

1

உங்கள் அதிபர் செல்வராஜ் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். உங்களுக்கு அவர் அதிபர் ஐயா. எனக்கு அவன் செல்வா. போன மாதம் திடீரென்று போன் எடுத்தான்.

"மச்சான், பள்ளிக்கூடத்துல சஞ்சிகை ஒன்னு போடுறோம். நீ பல்கலைக்கழகத்துலதானே இருக்க? பல்கலைக்கழகம்னா என்னான்னு பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பு."

"டேய், நான் அங்க கதவு தெறக்கிறவன்டா. கதிரை அடுக்குறவன்."

"அதுதான் வேணும். உள்ளுக்கு இருக்கிறவங்க எழுதினா பிள்ளைகளுக்கு வெளங்காது."

எனவே கந்தப்பளைப் பிள்ளைகளே, இது கதவுக்கு வெளியே இருந்து எழுதும் கட்டுரை. நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைதான் படித்தேன். கணக்கில் எனக்கு என்ன கிடைத்தது என்று உங்கள் அதிபரிடம் கேட்காதீர்கள். அவருக்கும் அதேதான் கிடைத்தது.

இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு பட்டணத்தில் குடியிருக்கிறோம். என் வேலைக்கு இங்கே 'போர்ட்டர்' என்று பெயர். அட்டனில் இருக்கும் என் அக்கா நான் ஏதோ ரயில் ஸ்டேசனில் பெட்டி தூக்குகிறேன் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் "முதுகு வலிக்குதா தம்பி?" என்று கேட்பார். விளக்கிப் பார்த்து அலுத்துவிட்டேன். இப்போதெல்லாம் "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிடுகிறேன்.

காலையில் போய் கதவுகளைத் திறப்பேன். எந்த அறையில் வகுப்பு, எந்த அறையில் கூட்டம் என்று பார்த்துக் கதிரை போடுவேன். குளிர் எனக்குப் புதிதில்லை. ஊரில் லீக்ஸ் பாத்தியில் பனி விழுந்த காலையில் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் வந்தவன் நான். இங்கே குளிரும் என்று பயம் காட்டியவர்களுக்கு நுவரெலியாவைத் தெரியாது.

2

பல்கலைக்கழகத்தில் பீடம் என்று ஒன்று உண்டு. நான் அறிந்த பீடம் நம் தோட்டத்து மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி வைக்கும் பீடம். சின்ன வயதில் அதற்குப் பூ வைத்திருக்கிறேன். இங்கே பீடம் என்றால், ஒன்றோடொன்று சேர்ந்த பாடங்களைப் படிப்பிக்கிற எல்லாரும். எங்கள் கட்டடத்தில் வரலாறு, மொழி, தத்துவம் இருக்கின்றன. பெரியவர் பீடாதிபதி. ஆனால் அவர் நம் தோட்டத்துத் துரை மாதிரி இல்லை. துரை ஒரு சொல் சொன்னால் மலை முழுக்கத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவார்கள். பீடாதிபதி ஒரு சொல் சொன்னால் அந்தச் சொல்லைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்துக்குப் பீடச் சபை என்று பெயர்.

ஒரு புதுப் பாடம் தொடங்குவது எப்படி என்று கேட்கிறீர்களா? உங்கள் லயத்து வீட்டில் கூரைத் தகரம் ஓட்டையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கங்காணியிடம் சொல்வார். கங்காணி கணக்கப்பிள்ளையிடம், கணக்கப்பிள்ளை கண்டாக்கு ஐயாவிடம், அவர் துரையிடம், துரை கொழும்புக்கு. தகரம் வந்து சேர்வதற்குள் மழை நின்று, ஓட்டைக்குக் கீழே வைத்த வாளியும் ஓட்டையாகியிருக்கும்.

பாடமும் அப்படித்தான் படி ஏறும். படிப்பிக்கிறவர் எழுதுவார். அவருடைய துறை பார்க்கும். பிறகு பாடத்திட்டக் குழு பார்க்கும். கடைசியில் பீடச் சபை கை தூக்கினால்தான் பாடம். ஒரு வித்தியாசம் உண்டு. தகரத்தை வழியில் யாரும் திருத்துவதில்லை. பாடத்தை ஒவ்வொரு படியிலும் ஒருவர் திருத்துவார்.

உதாரணமாக, இந்தப் பாடத்தைப் படித்தால் மாணவர் இன்னதைப் 'புரிந்துகொள்வார்' என்று எழுதக் கூடாதாம். புரிந்ததை அளக்க முடியாதாம். 'விளக்குவார்' என்று எழுத வேண்டுமாம். கொழுந்தை நிறுக்காமல் நாள் சம்பளத்துக்குப் பேர் விழாது என்கிற கதைதான். எனக்கு வாழ்க்கையில் புரிந்தது நிறைய, விளக்க முடிந்தது கொஞ்சம். இங்கே படித்திருந்தால் எனக்கு அரைப்பேர்தான் போட்டிருப்பார்கள்.

3

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் மகள் ஜெனிட்டா இதே பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். இரண்டாம் வருஷம்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் வாய் மூடாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு சுருங்கிவிட்டது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் வரும். நான் இங்கிலீசில் கேட்டால் சிரிப்பு வரும். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லாகிவிட்டது.

"படிப்பு எப்படிம்மா போகுது?"

"ஃபைன்."

"கறி நல்லாருக்கா?"

"ஃபைன்."

"வீட்டுல நெருப்புப் பிடிச்சிருச்சுன்னு ஒரு நாளைக்குச் சொல்லிப் பாக்கவா?" என்று என் மனைவி புஷ்பத்திடம் கேட்டேன்.

"அதுக்கும் ஃபைன்னுதான் சொல்லுவா. பேசாம சாப்பிடுங்க" என்றாள்.

அப்படி இருந்த பிள்ளை, இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் குசினிக்குள் வந்து நின்று, "அப்பா, பெரட்டுன்னா என்ன?" என்று கேட்டாள். நான் கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே போட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். அவளுக்குப் படிப்பிக்கும் ஹெலன் என்ற விரிவுரையாளர் ஒரு புதுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார். தேயிலை, கரும்பு, றப்பர்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன மக்களின் வரலாறு. மாணவர் ஒருவரும் சேர்ந்து எழுதினால் நல்லது என்று ஜெனிட்டாவைக் கூப்பிட்டிருந்தார்.

"காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற எடம்மா. பேர் கூப்பிட்டு, ஒங்களுக்கு இந்த மலை, ஒங்களுக்கு அந்த மலைன்னு சொல்லுவாங்க."

"அதுக்கு முன்னுக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"பால் விடாத பிளேன்டிதான். உள்ளங்கையில சீனி."

"கையிலயா? ஏன்?"

"கோப்பையில போட்டுக் கலந்தா நெறைய சீனி வேணும். கையில வச்சு ஒரு நக்கு, ஒரு மடக்கு. கொஞ்சத்துலயே இனிக்கும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ காலம். "இது மூணாவது வாரத்துல வரணும்" என்று சொல்லிக் கணினியில் தட்டினாள். பாடத்தை வாரம் வாரமாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். மூன்றாவது வாரம், லயத்து வீடும் சாப்பாடும். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையை விட்டு எழுந்து போக மாட்டாள். கவ்வாத்துக் கத்தி எப்படி இருக்கும், பிள்ளைக் காம்பிராவில் கைக்குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள், அப்பாயி எந்த ஊரிலிருந்து வந்தார்? எனக்குத் தெரியாததற்கு அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். "ரயில் ஸ்டேசன்ல ஒனக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று அக்கா கேட்டார்.

மூன்றாம் வருஷத்தில் ஜெனிட்டா அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டுமானால், இந்த வருஷ முடிவுக்குள் பீடச் சபை கை தூக்க வேண்டும். தவறினால், அவள் படித்து வெளியேறிய பிறகுதான் பாடம் வரும். அவளுக்கு அது கவலை. எனக்கு வேறு கவலை. பாடம் நின்றால் கேள்வியும் நிற்கும். திரும்பவும் 'ஃபைன்'.

4

ஜெனிட்டா பீடச் சபையில் மாணவர் பிரதிநிதியாகவும் இருந்தாள். முதல் கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் வந்து சொன்னாள்:

"அப்பா, கூட்டம் நடக்கிற அன்னைக்கு என்னையத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதீங்க."

"ஏம்மா, வெக்கமா?"

"ஐயோ, வெக்கமில்லப்பா! நான் அந்தப் பாடத்துக்காகப் பேசப் போறேன். சொந்தக்காரங்களோட பாடம்னு யாரும் சொல்லிறக் கூடாது."

"நான் கதிரைதானே போடுறேன்?"

"அப்பா, ப்ளீஸ்."

சரி என்றேன். அன்றைக்குக் கதவு திறந்துவிட்டபோது அவளுக்கு மட்டும் "குட் ஆஃப்டர்நூன், மேடம்" என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து அதற்கும் திட்டு வாங்கினேன். மற்ற மாணவர்களை நான் மேடம் என்று கூப்பிடுவதில்லையாம்.

முதல் கூட்டத்தில் இவர்கள் பாடம் கடைசியில் இருந்தது. கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேசியே பொழுது போய்விட்டது.

இரண்டாவது கூட்டத்தில் பாதிப் பேர் நடுவில் எழுந்து போய்விட்டார்கள். குறைந்தது இத்தனை பேர் இருந்தால்தான் கை தூக்கினது செல்லும் என்று ஒரு விதி இருக்கிறது. நம் மரண உதவிச் சங்கத்தில் "கோரம் காணாது" என்று கூட்டத்தைத் தள்ளிவைப்பார்களே, அதேதான். ஏன் எழுந்து போனார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் அன்று வேறு கட்டடத்தில் இருந்தேன். ஜெனிட்டா வீட்டுக்கு வந்து, "தள்ளி வச்சிட்டாங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று சாப்பாட்டு மேசையில் நானும் புஷ்பமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

மிஞ்சியது வருஷத்தின் கடைசிக் கூட்டம் மட்டும்.

5

அன்றைக்கு வழக்கமாகத் தேத்தண்ணி கொண்டுபோகும் மொரீன் அம்மாவுக்குக் காய்ச்சல். என் மேற்பார்வையாளர் டெரிக் வந்து நின்றார். அவர் இங்கிலீசில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"இந்தாப்பா, மூணு மணிக்கு இந்த வண்டிய உள்ளுக்குத் தள்ளிட்டு வந்துரு. வேற ஒன்னும் செய்யாத. பேசாத."

தள்ளுவண்டியில் தேத்தண்ணிப் பாத்திரம், கோப்பைகள், சின்னப் பொட்டலங்களில் சீனி. கடைசிக் கூட்டம் என்பதால் பெரிய சாக்லேட் கேக் ஒன்றும் இருந்தது. மூன்று மணிக்குச் சபை அறைக் கதவடிக்குப் போய்விட்டேன். அந்தக் கதவில் மேல்பாதி கண்ணாடி. கைப்பிடியில் கை வைத்தேன். உள்ளே ஒருவர் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். பழங்கால வரலாறு படிப்பிக்கும் பேராசிரியர் அவர். எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்பார். நான் அவருக்குக் கேள்விப் பேராசிரியர் என்று பெயர் வைத்திருந்தேன். நடந்துகொண்டிருந்தது ஜெனிட்டாவின் பாடம்.

என் கை கைப்பிடியில் அப்படியே நின்றுவிட்டது. காரணம் நம் மாதா கோயில்.

நம் தோட்டத்தில் திருநாளுக்கு முன்னால் கூட்டம் போடுவார்கள். நான் இளந்தாரியாக இருந்த ஒரு வருஷம், மாதா சப்பரம் முதலில் மேல் லயத்துக்குப் போவதா, கீழ் லயத்துக்குப் போவதா என்று சண்டை. பேச்சு சூடாக இருந்த நேரத்தில் யாரோ கேத்தலோடு உள்ளே வந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிவிட்டார்கள். மேல் லயத்து ஆட்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தேத்தண்ணியக் குடுத்துப் போகச் சொல்றீங்களா?"

"யாரு போகச் சொன்னா?"

"பெறகு இது என்னா? நாங்க பேசி முடிக்கலயே! சரி, குடிச்சாச்சு. வாறோம்!"

நம் ஊரில் தேத்தண்ணி குடித்து முடித்தால் எழும்ப வேண்டியதுதானே. எழுந்து போய்விட்டார்கள். அந்த வருஷம் சப்பரம் கோயில் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு கோயில் உபதேசியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேச்சு முடிந்து, செபம் சொல்லி, ஆமென் சொன்ன பிறகுதான் கேத்தல் வாசல் தாண்ட வேண்டும். அடுத்த வருஷத்திலிருந்து கேத்தலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது நான்தான்.

இங்கே ஆமென் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனுசர் நியாயம் பேசிக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு முன்னால் கோப்பையை நீட்டுவது எப்படி? அதுவும் என் பிள்ளையின் பாடத்தை எதிர்த்துப் பேசும்போது? வாயை அடைக்கக் கேக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மனசு கேட்கவில்லை. வண்டியைக் கண்ணாடிக்கு நேரே நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

6

கண்ணாடிக்கு நேரே நிறுத்தினேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? உள்ளே இருந்த எல்லாருக்கும் கேக் தெரிந்தது.

முதலில் ஒரு பேராசிரியை கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"தேத்தண்ணியா?"

"ஆமாங்க மேடம்."

"உள்ள வரலையா?"

"முடியட்டும் மேடம். முடிஞ்ச ஒடன வரும்."

அவர் என்னைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், பேசாமல் உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் அடுத்தவரின் காதில் சொன்னார். அந்தச் செய்தி மேசையைச் சுற்றிப் போவதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீடாதிபதி, இது ஹெலனுடைய ஏற்பாடு என்று நினைத்தாராம். ஹெலன், இது பீடாதிபதியின் உத்தரவு என்று நினைத்தாராம். இந்த நாட்டு ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விளங்காத ஒன்றைக் கண்டால், யாரோ யோசித்துத்தான் செய்திருப்பார்கள் என்று வாயை மூடிக்கொள்வார்கள். கேட்டால் மரியாதை போய்விடும்.

ஜெனிட்டா மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணை அகலமாக விரித்தாள். 'டெரிக் ஏசப் போறார், உள்ள கொண்டு வாங்க' என்பதுதான் அவள் கருத்தாம். அது எனக்கு எப்படித் தெரியும்? அவள் அம்மா அப்படிக் கண்ணை விரித்தால், 'நின்ற இடத்தை விட்டு அசையாதே' என்று அர்த்தம். நான் அசையவில்லை.

கேள்விப் பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருந்தார். மாணவர்களைத் தேயிலை ருசி பார்க்க வைத்தால் சுடுதண்ணீரால் ஆபத்தில்லையா? இது வரலாறா, விவசாயமா? மூன்றாவது வாரத்தில் எதற்குச் சாப்பாடு? ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அவர் கண் கேக்கின் மேல் போய் வந்தது. சுடுதண்ணீர்க் கேள்வியை எழுத்தில் தருவதாகச் சொன்னார். விவசாயக் கேள்வியை வாபஸ் வாங்கினார்.

அப்போது ஜெனிட்டாவின் குரல் கேட்டது. வீட்டில் ஒரு சொல்லோடு நிறுத்துகிற பிள்ளை, அந்தப் பெரிய மேசைக்கு முன்னால் நிதானமாகப் பேசினாள். நம் பேச்சில் சொன்னால், "இந்தப் பாடத்துல வாற ஆளுங்க யாரோ பழைய காலத்து ஆளுங்க இல்லங்க. இன்னும் இருக்காங்க. கேட்டா சொல்லுவாங்க. கேக்கத்தான் ஆள் இல்ல."

பேசும்போது ஒரு தடவைகூட அவள் கதவுப் பக்கம் திரும்பவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவள் சொன்ன ஆள்களில் ஒருவர் அப்போது கேக்கின் மேல் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கைகள் மேலே போயின. ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை. கேள்விப் பேராசிரியரின் கை கடைசியாக, பாதி உயரத்துக்கு வந்தது. அதையும் எண்ணினார்கள்.

பீடாதிபதி பேனாவை மூடினார். எனக்கு அது ஆமென் மாதிரிதான் இருந்தது. வண்டியைத் தள்ளினேன்.

7

எல்லாரும் கோப்பையோடு சுற்றி நின்றபோது பீடாதிபதி ஹெலனிடம், "தேநீரை வெளியே நிறுத்தியது அருமையான யோசனை" என்றார்.

"நீங்கள் சொன்னதில்லையா?" என்றார் ஹெலன்.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து டெரிக்கும் வந்து சேர்ந்தார். மூன்று மணி எப்போதோ போயிருந்தது. அவர் முகம் சிவந்திருந்தது.

"யாரும் சொல்லலைங்க சார்" என்றேன். "எங்க ஊர்ல பேச்சு முடிஞ்சாத்தான் தேத்தண்ணி. நடுவுல குடுத்தா ஆளுங்க எந்திரிச்சுப் போயிருவாங்க."

ஹெலன் சிரித்த சிரிப்பில் அவர் கோப்பை தளும்பிவிட்டது. போன கூட்டத்தில் தேத்தண்ணி நடுவில் வந்ததாம். குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்களாம். கோரம் காணாமல் போனதன் கதை எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேல் லயத்து ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

கேள்விப் பேராசிரியர் கேக்கை விழுங்கிவிட்டு, தேநீர் நேரத்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷம் அதை ஆராய ஒரு சின்னக் குழு போடுவதாகப் பீடாதிபதி சொன்னார். டெரிக் என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "குழு முடிவு சொல்லுற வரைக்கும் மூணு மணின்னா மூணு மணி" என்றார்.

பிள்ளைகளே, பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று உங்கள் அதிபர் எழுதச் சொன்னார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஒரு பாடம் வேண்டுமென்று ஒருவர் கேட்க வேண்டும், கூடாது என்று ஒருவர் கேள்வி போட வேண்டும், இரண்டு பேரும் பேசி முடிக்கும் வரை மற்றவர்கள் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். சரியாக விளக்கினேனா என்று தெரியவில்லை.

கடைசியாக வண்டிக்கு முன்னால் வந்து நின்றது ஜெனிட்டா. நான் அவளைத் தெரியாத ஆளாகவே, கோப்பையில் பால் விடாத தேத்தண்ணியை ஊற்றி, "சுகர், மிஸ்?" என்று கேட்டேன். மேடம் என்று சொல்லவில்லை.

அவள் கோப்பையை இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது உள்ளங்கையை என் முன்னால் விரித்தாள்.

"இதுல போடுங்கப்பா."

சத்தமாகத்தான் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு பொட்டலத்தைக் கிழித்து அவள் கையில் கொட்டினேன். கொட்டிய அவசரத்தில் பாதி தரைவிரிப்பில் விழுந்தது. அவள் ஒரு நக்கு நக்கி, ஒரு மடக்குக் குடித்து, "ம்ம்" என்றாள்.

கேள்விப் பேராசிரியர் கிட்டே வந்து, "இது என்ன?" என்று கேட்டார்.

"மூன்றாவது வாரம்" என்றாள் ஜெனிட்டா.

அவர் கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தன் உள்ளங்கையையும் நீட்டினார். அவருக்குப் பின்னால் ஹெலன் நீட்டினார், பீடாதிபதியும் நீட்டினார். பழக்கமில்லாத கைகள். சீனி பாதிதான் வாய்க்குப் போனது.

எல்லாரும் போன பிறகு டெரிக் வந்து விரிப்பைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இது என்னப்பா?" என்றார்.

"மூன்றாவது வாரம், டெரிக்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பம் எடுக்கப் போனேன்.